செலவு என்றால் விடுமுறை

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியையும் ஆரம்பாக்கத்தையும் கடந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் தெலுங்கில் விடை கூறுகிறார்; இருவருக்கும் அது உறுத்துவதில்லை. அந்த ஊர்தான் தடா.

அப்பகுதியிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஒரு பண்டிகைக்கு முந்தைய நாள், வரிசையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், அன்று பணம் எடுக்க இயலாவிட்டால் மறுநாள் வரலாமா என்று வினவினார். காசாளர் தலையை நிமிர்த்தாமலே, நாளைக்கு வங்கிக்குச் "செலவு" என்றார். பெரியவரின் முகம் மாறிவிட்டது. "செலவா? அதை என் கணக்கிலேயா பிடிப்பீங்க? எவ்வளவு?" என்று கேட்டார். காசாளர் சொன்னது வேறொன்றுமில்லை. தெலுங்கில் செலவு என்பது விடுமுறை. மறுநாள் வங்கி இராது என்பதைத்தான் அவர் தெரிவித்தார்.

அன்று சிரித்துவிட்டு மறந்துபோன அந்தச் சொல்லைப் பின்னர் அகராதியில் தேடினேன். இரு பொருள்களுக்கும் தாய் ஒன்றே. "செல்" என்னும் வினைதான் அது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம், புறப்பாடு. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன் தன் பயணத்தைக் கைவிடுவதை அகத்திணை இலக்கணம் "செலவழுங்குதல்" என்று குறிக்கிறது. இன்றைய தமிழில் கையிலிருந்து பணம் செல்வது செலவு. தெலுங்கில் ஒருவர் விடைபெற்றுச் செல்வதும், செல்வதற்கு இசைவு பெறுவதும், பணியிலிருந்து விலகியிருக்கும் நாளும் செலவு. இங்கே காசு போகிறது, அங்கே ஆள் போகிறார். ரூபாய் செலவைக் குறிக்கத் தெலுங்கர் "கர்ச்சு" என்னும் சொல்லைக் கையாள்கின்றனர். அது நம் பேச்சிலும் "கரிச்சு" என்று முன்பு வழங்கியதுதான்.

எல்லையூரில் ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்கும் இத்தகைய சொற்கள் ஏராளம். பெரும்பாலும் அவை இரண்டு மூன்று எழுத்துகளே கொண்ட சிறு சொற்கள். நீளமான சொல்லைக் கேட்டால், புரியவில்லை என்று நமக்கே தெரிந்துவிடும். குறுஞ்சொல் அப்படியன்று, புரிந்துவிட்டதாகவே தோன்றும். அதனாலேயே அது பணம் புழங்கும் இடத்தில் சற்றுத் தொல்லை தருகிறது.

தடா என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தெலுங்கு எழுத்தில் அது குறிலாகத் "தட" என்றே எழுதப்படுகிறது. தமிழில் தடா என்றால் பெரிய பானை. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா நிறைய வெண்ணெயும் நூறு தடா நிறைய அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதை வைணவர்கள் நன்கறிவர். பேச்சு வழக்கில் "தடா போட்டுவிட்டார்" என்றால் தடுத்துவிட்டார் என்று பொருள். 1985இல் இயற்றப்பட்டு 1995இல் காலாவதியான பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமும் தடாவே. அக்காலத்தில், "நான் தடாவில் இருக்கிறேன்" என்று உறவினருக்குக் கடிதம் எழுதியவர்கள் ஊரைத்தான் குறித்தார்கள் என்பதை விளக்க வேண்டியிருந்திருக்கும்.

இருமொழி வாழ்வு இங்கே புதிதன்று. சென்னை மாகாணத்தில் நெல்லூரும் சித்தூரும் செங்கற்பட்டும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த மாவட்டங்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது முதலிரண்டும் அதனோடு சேர்ந்தன. 1960 ஏப்ரல் 1 முதல் மீண்டும் ஓர் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி நம் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்துக்குச் சென்று சத்தியவேடு வட்டமாயின. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடா, 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கோடு இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், பழவேற்காடு ஏரியில் வலை வீசுவதும் முன்போலவே நடைபெறுகின்றன. சூளூர்ப்பேட்டை வரை செல்லும் சென்னைப் புறநகர் ரயிலில் ஒரு பெட்டியில் அமர்ந்து கேட்டாலே இது விளங்கும்.

ஒலி ஒன்று, பொருள் இரண்டு

தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதைச் சான்றுகளோடு முதலில் எடுத்துக்காட்டியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். 1816இல் வெளிவந்த, கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் வழங்கிய குறிப்பில், வேர்ச்சொற்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. உறவுக்காரர்கள் ஆயினும் இருமொழிகளும் தனித்தனி வீடுகளில் வளர்ந்தவை. சொல்லின் ஒலியைத் தெலுங்கு சில ஒழுங்கான முறைகளில் மாற்றிக்கொண்டது. மாறி வந்த சொல், தமிழில் ஏற்கனவே இருந்த வேறொரு சொல்லின்மேல் சில நேரங்களில் சரியாகப் போய் அமர்ந்துவிடுகிறது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

நம் ழகரத்தின் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ்ச் சொல்லின் இடையில் ழகரம் வரும் இடத்தில் தெலுங்கில் பெரும்பாலும் டகரம் ஒலிக்கும். சோழர் அங்கே சோடர் ஆனார்கள். ஏழு என்பது ஏடு ஆயிற்று. நமக்கு ஏடு என்றால் ஓலை, புத்தகம், கணக்கர்களுக்குப் பேரேடு. கோழி அங்கே கோடி. தமிழர் நூறு இலட்சத்தைக் கோடி என்று ஒலிக்கும்போது தெலுங்கர் செவியில் விழுவது கோழி. அவர்களுடைய நூறு இலட்சத்தில் டகரம் வன்மையாக ஒலிக்கும். "கோட்டி" என்பதற்கு நெருக்கமாக நம் காதில் விழும். தன் நிலம் ஒரு கோடி பெறும் என்று எங்கள் கிளையில் ஒருவர் பெருமையாகச் சொல்லக் கேட்ட தெலுங்கு நண்பர், அவர் சென்ற பிறகு, ஒரு கோழிக்கு நிலம் கிடைத்தால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். தெரிந்தே செய்த கேலிதான்.

மற்றொரு மாற்றம் சொல்லின் தலையையே திருப்பிப் போடுகிறது. அவன் என்பதற்கு இணையான தெலுங்குச் சொல் வாடு. இவன் என்பதற்கு வீடு. தமிழருக்கு வாடு என்றால் பயிர் வாடுவது. வீடு என்றால் குடியிருக்கும் இடம். வீட்டுக்கடன் கேட்டு வந்தவரிடம் "வீடு எவரு?" என்று ஓர் அலுவலர் வினவியதை நான் கேட்டிருக்கிறேன். இவர் யார் என்று உடன் வந்தவரைப் பற்றி, அதுவும் சற்று மரியாதைக் குறைவாக, அவர் கேட்டார். வந்தவரோ வீட்டின் உரிமையாளர் யார் என்று கேட்பதாகக் கொண்டு, தன் தந்தையின் பெயரைச் சொன்னார். திருமலை வேங்கடவனுக்கு "வட்டிக்காசுலவாடு" என்று ஒரு பெயர் உண்டு. தம் திருமணத்துக்காகக் குபேரனிடம் பெற்ற கடனுக்கு அடியார்களின் காணிக்கையைக் கொண்டு இன்னும் வட்டி கட்டிவருகிறார் என்பது தலபுராணச் செய்தி. அப்பெயரின் ஈற்றிலுள்ள வாடு, வாட்டம் அன்று, அவன் என்பதே. வட்டிக் காசுக்காரன் என்று பொருள்.

வட்டி, அசல், பாக்கி, ரொக்கம், ஜாமீன் ஆகிய சொற்கள் இருமொழியிலும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குவது நம் தொழிலுக்கு வாய்த்த நற்பேறு. இவற்றால் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் எழுவது, எவரும் ஐயுறாத அன்றாடச் சொற்களில்.

பணம் செலுத்தும் முகப்பில் "எந்த?" என்று கேட்டால் தமிழருக்கு அது எந்தக் கணக்கு, எந்தக் கிளை என்னும் வினா. தெலுங்கருக்கு எந்த என்றால் எவ்வளவு. மலையாளிக்கோ "எந்து" என்றால் என்ன. காசாளர் தொகையைக் கேட்க, வாடிக்கையாளர் சேமிப்புக் கணக்கு என்று விடை கூறுவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கலாம். "வந்த" என்பது தெலுங்கில் நூறு. ஒருவர் "வந்த ரூபாயலு" என்று நீட்டினால், வந்து சேர்ந்த ரூபாய் என்று எண்ணிவிடாமல் நூறு ரூபாய் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஆயிரத்துக்கு "வெய்யி" என்பர். விரல் ரேகை வைக்கச் சொல்லும்போதும் "வெய்யி" என்பர். இது தெலுங்குக்குள்ளேயே உள்ள இரட்டைப் பொருள். அவர்களுக்கு அது குழப்பமாகத் தோன்றுவதேயில்லை. நாம் ஆறு என்னும் சொல்லில் எண்ணையும் நதியையும் குழப்பிக்கொள்கிறோமா என்ன?

வழி கேட்டாலும் இதே கதைதான். "குடி" என்றால் தெலுங்கில் வலப்பக்கம். முதல் எழுத்தைச் சற்று அதிர்த்து ஒலித்தால் கோயில். குடிப்பக்கம் திரும்பு என்று வழிகாட்டினால் தமிழ் ஓட்டுநர் மதுக்கடையைத் தேட வேண்டியதில்லை. உணவு வேளையில் "தினண்டி" என்று ஒருவர் அன்போடு இலையைக் காட்டினால் மனம் புண்படவும் வேண்டா. தின் என்பது நம்மிடையே மனிதரை நோக்கிச் சொன்னால் வசைபோல் ஒலிக்கிறது. தெலுங்கில் அது இயல்பான, மரியாதையான சொல். இந்த ஒரு சொல்லால் சம்பந்தி வீட்டில் முகம் சுளித்து எழுந்தவர்கள் உண்டு என்று எல்லையூர்க்காரர்கள் சொல்வார்கள். பொருளில் வேறுபாடே இல்லாதபோதும் மதிப்பு வேறுபடுகிறது. அது பொருள் வேறுபாட்டைவிடக் கூர்மையானது.

தடாவுக்கு அருகில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்த பிறகு இந்தக் கலவை இன்னும் அடர்ந்துவிட்டது. ஜப்பானிய ஈசுசு நிறுவனம் அங்கே 2016இல் வாகன ஆலையைத் தொடங்கியது. பல மாநிலத்துத் தொழிலாளர்கள் வந்து குடியேறினர். "பனி" என்னும் ஒரே சொல்லை அங்கே நான்கு விதமாகக் கேட்கலாம். தமிழருக்கு அது மார்கழிக் காலையில் பெய்வது. மலையாளிக்குக் காய்ச்சல். தெலுங்கருக்கு வேலை, நம் "பணி"யின் ணகரம் அங்கே னகரமாகத் தேய்ந்துவிட்டது. வடநாட்டவர் முதலெழுத்தை நீட்டிப் "பானி" என்றால் தண்ணீர். பனி இருக்கிறது என்று ஒருவர் விடுப்புக் கேட்டால், அவர் எந்த ஊர்க்காரர் என்பதை அறிந்த பின்னரே மேற்பார்வையாளர் முடிவெடுக்க வேண்டும்.

அப்புவும் பூச்சியும்

வங்கிக்கு மிக அணுக்கமான சொல் "அப்பு." தமிழ்நாட்டில் அது செல்லப்பெயர். யாழ்ப்பாணத்தில் தந்தையையோ பாட்டனையோ மரியாதையாக அழைக்கும் சொல். 1982இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக விளங்கிய யானைக்குட்டியின் பெயரும் அதுவே. கன்னடத்தில் வினையாக வந்தால் தழுவிக்கொள் என்று பொருள். தெலுங்கில் அப்பு என்றால் கடன்.

பேரனின் பெயரில் வைப்புத்தொகை போட வந்த பாட்டி ஒருவர் "அப்பு பேர்ல போடணும்" என்றார். எதிரில் இருந்த இளைஞர் பணியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, ராயலசீமைப் பக்கத்தவர். அவர் கடன் விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டி, எதற்காகக் கடன் என்று சைகையாலும் அரைகுறைத் தமிழாலும் கேட்டார். "கடனா? அவனுக்கு நாலு வயசு, தம்பி" என்றார் பாட்டி. பிள்ளைக்குக் கடன் என்று பெயரிடுவார்களா என்று அந்த இளைஞர் பிறகு என்னிடம் வியந்தார். அதிலும் ஓர் உண்மை இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

இத்தகைய இடங்களில் எழுத்து துணைநிற்க வேண்டும் என்பதற்காகவே சில ஏற்பாடுகள் உள்ளன. கணக்குத் தொடங்கும் படிவம், பணம் செலுத்தும் சீட்டு, கணக்குப் புத்தகம் முதலியவை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. காசோலையை வாடிக்கையாளர் வட்டார மொழியிலும் நிரப்பலாம். காசோலையில் எண்ணால் எழுதிய தொகையும் சொல்லால் எழுதிய தொகையும் மாறுபட்டால், சொல்லால் எழுதியதே தொகை என்கிறது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18. நடைமுறையில் அத்தகைய காசோலையை வங்கிகள் திருப்பிவிடுவதும் உண்டு. ஆயினும் சட்டத்தின் பார்வையில் எண்ணைவிடச் சொல்லே கனமானது. நம் ரூபாய்த் தாளின் பின்புறத்தில் மதிப்பு 15 மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆங்கில அகரவரிசைப்படி அமைந்த அப்பட்டியலில் தமிழும் தெலுங்கும் மேலும் கீழுமாக அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன, தடாவில் நிற்பதைப் போலவே.

ஆனால் படிவம் எந்த மொழியில் இருந்தாலும், அதைப் படிக்காமல் வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திடுபவர்களுக்கு அந்த ஏற்பாடுகளால் பயனில்லை. அப்படி ஒருவரைச் சந்தித்த நாளை நான் மறக்கவில்லை.

திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். நாற்பது வயதிருக்கும். தெலுங்கு பேச்சளவில் ஓரளவு வரும், படிக்க வராது. அவ்வாண்டு அவருடைய நிலக்கடலையைப் பூச்சி அழித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருடன் கிளைக்கு வந்து, என் மேசைக்கு எதிரில் அமர்ந்து, "பூச்சிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அது "பூசிக்கத்து."

தெலுங்கில் "பூசி" என்பதன் இடைச் சகரம் வன்மையாக, ஈறு நெடிலாக ஒலிக்கும்; நம் செவிக்கு அது பூச்சியேதான். அதன் பொருள் பொறுப்பேற்பு, பிணை. பூசிக்கத்து என்பது பிணைப்பத்திரம். பக்கத்து வீட்டுக்காரர் கறவை மாடு வாங்கக் கேட்டிருந்த கடனுக்கு இவர் பிணையாளராகக் கையெழுத்திட வந்திருந்தார். தமக்குப் பயிர்ச்சேத இழப்பீடு வரப்போகிறது என்று அவர் நம்பியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஏமாற்ற எண்ணியவர் அல்லர். "பூசிக்கு ஒரு கையெழுத்து வேண்டும், அக்கா" என்று தம் மொழியில் நேராகவே கேட்டிருக்கிறார். இவர் தம் மொழியில் கேட்டுக்கொண்டார்.

பிணையின் சுமை என்ன என்பதைத் தமிழில் எடுத்துரைத்தேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. கடனாளி கட்டத் தவறினால், வேறு ஏற்பாடு எழுத்தில் இல்லாதவரை, அசல், வட்டி முழுவதையும் பிணையாளரிடம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. முதலில் கடனாளியிடம் எல்லா வழியிலும் முயன்று முடித்த பிறகே பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பலர் பிணையைச் சாட்சிக் கையெழுத்து என்று கருதுகின்றனர். சாட்சி, நடந்ததைக் கண்டவர். பிணை, நடக்கப்போவதற்குப் பொறுப்பேற்பவர்.

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அப்ப, அவர் கட்டலைன்னா நான் கட்டணுமா, சார்?"

"ஆமாம்மா. முழுசும்."

"என் கடலைக்கு ஒண்ணும் இல்லையா?"

"இந்தத் தாளில் இல்லை. அதுக்கு வேற படிவம். நீங்க பயிர்க் காப்பீடு செய்திருக்கீங்களான்னு பார்க்கிறேன்."

செய்திருக்கவில்லை. சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்ததும் அவர் முகமும் சுருங்கிவிட்டது. இருவரும் தனித்தனியே எழுந்து சென்றார்கள்.

அடுத்த வாரம் அந்த அம்மையார் மட்டும் வந்தார். வீட்டில் கலந்து பேசியதாகவும், அந்த மனிதர் நாணயமானவர் என்று தம் கணவர் சொல்வதாகவும் கூறினார். கடன் தொகை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு படிவத்தைத் தம் பக்கம் திருப்பி, "பூச்சின்னா பிணை. சரி" என்று தமக்கே சொல்லிக்கொண்டு, தமிழில் கையெழுத்திட்டார். மாட்டுக்கடன் உரிய காலத்தில் தீர்ந்தது. அந்த ஆண்டே நிலக்கடலைக்குக் காப்பீட்டுப் படிவம் கேட்டு அவர் மீண்டும் வந்திருந்தார்.